சைக்கிளுக்கும் டயட்!

"தூக்கவே முடியலேம்மா!" என்று மகள் ஓட்டுவதையே விட்டுவிட்டாள். எங்களுக்கோ மாடி வீடு. மவுண்டன் பைக் கீழே தூசி படிந்து கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறினேன். என் எடையைக் கழித்தால் (அது ரகசியம்!) 16 கிலோ!

கேரியர், கூடை, ஸ்டாண்டு மூன்றையும் கழற்றினோம். காலணா செலவில்லாமல் ஒன்றரைக் கிலோ குறைந்தது. சீட்டைத் தாங்கும் இரும்புக் குழாய்க்குப் பதில், அதே விட்டத்தில் அலுமினியக் குழாய் போட்டோம். அதிலுள்ள எல்லைக்கோடு வெளியே தெரியாதபடி இறக்க வேண்டும். டயர் தேய்ந்ததும், விளிம்பில் இரும்புக் கம்பி இல்லாத, மடிக்கிற ரகம் வாங்கினோம். சக்கரம் லேசானால் மிதிப்பதும் சுலபம். பிரேக், மணி, விளக்கில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள்!

நேற்று அவளே மாடிக்குத் தூக்கி வந்துவிட்டாள். "உன்னோட டயட் எப்பம்மா?" என்கிறாள்!