எழுதுவதும் நாமே, அச்சேற்றுவதும் நாமே!

"பேய்க் கதை எழுதுகிறேன்" என்று ஒரு பெண் சொன்னால், "படிப்பை விட்டுவிட்டு இது எதற்கு?" என்பதுதான் வீட்டில் எழும் முதல் கேள்வி. அதைத் தானே புத்தகமாகப் போடப் போவதாகவும் சொல்லிவிட்டாளானால், "காசைக் கரியாக்கவா?" என்பது அடுத்த கேள்வி. இரண்டும் நியாயமான கேள்விகளே. அவற்றைக் கேட்கும் பெற்றோரையோ, நம் நன்மையையே நாடும் அருட்சகோதரியரையோ குறை கூற நாங்கள் வரவில்லை. அக்கேள்விகளுக்கு விடை உண்டு என்று பணிவுடன் எடுத்துரைக்கவே வந்தோம்.

முதலில் பேயை எடுத்துக்கொள்வோம். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பது பழமொழி. இருட்டைக் கண்டு அரளுவது பேதைமை. இருட்டைப் பற்றிக் கதை சொல்வது பேதைமை அன்று. தமிழில் அது மிகப் பழைய வழக்கம். காரைக்கால் அம்மையார் தம்மைக் 'காரைக்கால் பேய்' என்றே பாடல்களில் குறித்துக்கொண்டார். செயங்கொண்டாரின் கலிங்கத்துப் பரணியில் பேய்களுக்கென்றே தனிப் பகுதிகள் உண்டு. விக்கிரமாதித்தன் தோளில் ஏறிக் கதை சொன்ன வேதாளத்தை அறியாத தமிழ்க் குழந்தை உண்டோ? நம் காலத்துக்குச் சற்று முன், புதுமைப்பித்தனும் 'காஞ்சனை' எழுதினார்.

நமக்கு அண்மையிலேயே, திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூரில், நீலியின் கதை வழங்குகிறது. கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகி வந்து பழி தீர்த்த கதை அது. அவனுக்குத் தீங்கு வராது என்று வாக்களித்த 70 வேளாளர், வாக்குப் பொய்த்ததும் தீப்புகுந்தனர் என்று முடிகிறது. கேட்பவர் நீலியைக் கண்டு நடுங்குகிறார்கள். ஆனால், தோழியரே, அவளைக் கொன்றவன் யார் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். உயிரோடு இருந்தபோது அவள் முறையீட்டைக் கேட்பாரில்லை. மாண்டபின் ஊரே கூடிக் கேட்டது. நல்ல பேய்க் கதையின் உள்ளே இருப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு முறையீடுதான்.

கடல் கடந்தும் இதற்குச் சான்று உண்டு. 1843ஆம் ஆண்டு சார்லஸ் டிக்கன்ஸ் 'கிறிஸ்துமஸ் கரோல்' என்னும் சிறு நூலை எழுதினார். கிறிஸ்துமஸ் காலத்தில் பலரும் விரும்பிப் படிக்கும் அந்நூல் ஒரு பேய்க் கதையே அன்றோ? இறந்துபோன கூட்டாளியின் ஆவியும், பின்னர் மூன்று ஆவிகளும் வந்து, கஞ்சனான ஸ்க்ரூஜைத் தன் எழுத்தரின் ஏழைக் குடிசையை எட்டிப் பார்க்க வைக்கின்றன. உயிருள்ளவர் சொல்லிக் கேளாதவனை ஆவிகள் திருத்தின.

அந்நூலை அச்சிட்ட செலவை ஏற்றவர் பதிப்பகத்தார் அல்லர்; டிக்கன்ஸே தம் கைப்பணத்தைப் போட்டார். டிசம்பர் 19ஆம் நாள் வெளிவந்த 6000 படிகளும் கிறிஸ்துமஸுக்கு முதல் நாளுக்குள் விற்றுத் தீர்ந்தன. ஆயினும் 1000 பவுன் எதிர்பார்த்தவருக்கு முதல் கணக்கில் கிடைத்தது சுமார் 230 பவுன்தான். வண்ணப் படங்களும், பொன்பூச்சிட்ட அட்டையும், அழகிய கட்டுமானமும் ஆதாயத்தைத் தின்றுவிட்டன. புகழ் பெற்ற எழுத்தாளருக்கே இந்த நிலை என்றால், நாம் எவ்வளவு கணக்காக இருக்க வேண்டும்!

நம் சென்னையிலேயே இன்னொரு சான்று உண்டு. திருவல்லிக்கேணியில் வாழ்ந்த வை. மு. கோதைநாயகி அம்மாள் 1901இல் பிறந்தவர். பள்ளிக்கூடம் சென்று படித்தவரல்லர்; ஐந்து வயதிலேயே மணமானவர். முதல் நாடகமான 'இந்திர மோகனா'வை அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். 1925இல் 'ஜகன்மோகினி' இதழைத் தாமே ஏற்று நடத்தி, அதில் தம் நாவல்களை வெளியிட்டார். மொத்தம் 115 நாவல்கள்! அவர் எழுதியவை பேய்க் கதைகள் அல்ல. குடும்பக் கதைகளும் துப்பறியும் கதைகளுமே. ஆனால் நமக்கு வேண்டிய பாடம் அவரிடம் இருக்கிறது. யாரேனும் வந்து வாயிலைத் திறப்பார்கள் என்று காத்திராமல், தமக்கென ஒரு வாயிலை அவர் அமைத்துக்கொண்டார்.

அவ்வாறு காத்திருந்தால் நம் பகுதிக்கு என்ன நேரும்? டோல்கேட் என்னும் பெயரையே பாருங்கள். சுங்கம் வாங்கிய சாவடி போய்விட்டது. பெயர் மட்டும் நிலைத்து, 2021 பிப்ரவரியில் திறந்த மெட்ரோ நிலையம் வரை வந்துவிட்டது. அடுத்த நிலையமான காலடிப்பேட்டை, காலட் என்னும் ஆங்கிலேய ஆளுநரின் பெயர் மருவி வந்தது. ராயபுரத்தில் 1856இல் திறக்கப்பட்ட ரயில் நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. எண்ணூரில் 1970இல் ஓடத் தொடங்கிய அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையை நம் கரை மறக்கவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்த எண்ணெயையும் மீனவர் மறக்கவில்லை. கடலுக்குப் போய்த் திரும்பாதவரை எண்ணிக் கதவைத் தாழிடாமல் காத்திருக்கும் தாய்க்கு ஆவிக் கதை பொழுதுபோக்கா? திரைப்படங்களோ வடசென்னை என்றதும் அரிவாளையே காட்டுகின்றன. நம் தெருக்களின் அச்சத்தையும் ஏக்கத்தையும் நாமே எழுதாவிட்டால், வேறு யார் எழுதுவார்?

இனி, காசைக் கரியாக்கும் கேள்விக்கு வருவோம். ஈய எழுத்துக் கோத்து அச்சிட்ட காலத்தில் நூற்றுக்கணக்கில் அடித்தால்தான் கட்டுபடியாகும். இன்று கணினி அச்சில் 25 படிகள்கூட எடுக்கலாம். 16 பக்கம் ஒரு பாரம். 96 பக்க நூலுக்கு 6 பாரம் போதும். அச்சே வேண்டாம் என்றால் மின்னூலாக வெளியிடலாம். நூலுக்குரிய 13 இலக்கப் பன்னாட்டு எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றி வழங்குகிறது. பதிப்புரிமையோ எழுதிய கணமே எழுதியவருக்கு உரியதாகிறது. அவர் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நிலைக்கிறது. ஆகவே, "பணம் கட்டுங்கள், உங்களை எழுத்தாளராக்குகிறோம்" என்று அழைப்போரிடம், உரிமை யாருக்கு என்று படித்துப் பாராமல் கையெழுத்திடலாகாது. 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. எனவே பெற்றோர்களே, நீங்கள் உடனிருந்தாலன்றி எங்களால் ஓரடியும் வைக்க இயலாது.

தாமே வெளியிடுவதில் ஒரு பெருங்குறை உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பதிப்பகத்தில் தவறு கண்டு திருத்த ஒருவர் இருப்பார். இங்கோ ஒருவரும் இல்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஆகவே மூன்று பேரிடமாவது படிக்கக் கொடுக்க வேண்டும் என்கிறோம்: தமிழாசிரியை ஒருவர், கதைப் பிரியை ஒருத்தி, கதையே பிடிக்காதவர் ஒருவர். மூவரும் ஒரே இடத்தில் நெற்றியைச் சுருக்கினால் அந்த இடத்தைத் திருத்தியே ஆக வேண்டும். மேலட்டைக்குப் பணம் தேடுமுன் மெய்ப்பைப் பார்க்கப் பொழுது தேட வேண்டும்.

பேய்க் கதை எழுதுவோருக்கென்று தனியே இரண்டு கட்டுப்பாடுகளும் உண்டு. ஒன்று, உண்மையான வீட்டையோ கிணற்றையோ பெயர் சொல்லிப் பேய் உலவுவதாக எழுதலாகாது. அங்கே குடியிருப்பவர் ஏளனத்துக்கு ஆளாவர். வாடகைக்கும் ஆள் வராது. நமது கற்பனைக்கு அடுத்தவர் ஏன் விலை கொடுக்க வேண்டும்? மற்றொன்று, நோயுற்றவளையும் மனம் நொந்தவளையும் 'பேய் பிடித்தவள்' என்று காட்டலாகாது. அவளுக்கு வேண்டியது மருத்துவரும் அன்பான சொல்லும். வேப்பிலை அடி அன்று. கதையைக் கதை என்று சொல்லி விற்பது எழுத்து. அதையே மெய்யென்று சொல்லித் தாயத்து விற்பது மோசடி.

இவ்விரண்டையும் காத்து எழுதும் பெண், படிப்பைக் கெடுத்துக்கொள்பவள் அல்லள். சொல்லை எண்ணிப் பார்க்கிறாள், கணக்கு எழுதுகிறாள், ஒப்பந்தத்தைப் படிக்கிறாள், பிறர் துயரத்தைக் காது கொடுத்துக் கேட்கிறாள். இவற்றைக் காட்டிலும் சிறந்த கல்வி எது?

இறுதியாக ஒரு செய்தி. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் நூல் வெளியிடுவோர் அதன் படியை எழும்பூர்க் கன்னிமாரா நூலகத்துக்கும் அனுப்ப வேண்டும். 1896 முதல் இயங்கும் நூலகம் அது. தானே வெளியிடும் பெண்ணும் சட்டத்தின் முன் ஒரு பதிப்பாளரே. டோல்கேட்டில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறினால் எழும்பூர். பெரும்புலவர்களின் நூல்கள் இருக்கும் அதே கூரையின் கீழ், நம் தெருப் பெண்ணொருத்தியின் பேய்க் கதைக்கும் இடம் கொடுக்கச் சட்டமே கட்டளையிட்டிருக்கிறது. அந்த இடத்துக்குத் தகுதியான கதையை எழுதுவது நம் பொறுப்பு. தோழியரே, குறிப்பேட்டைத் திறவுங்கள்!