நல்ல சுருட்டைத் தெரிந்தெடுத்தல்

வெற்றிலைக் கட்டில் கை வைத்தவுடனேயே கொழுந்து எது, முற்றல் எது என்று சொல்லிவிடும் இல்லத்தரசியர் எமது மலைநாட்டில் ஏராளம். ஆனால், வீட்டுப் பெரியவருக்குச் சுருட்டு வாங்கிவரும் பொறுப்பு அவர்கள் தலையில் விழும்போது மட்டும், கடைக்காரர் எடுத்து நீட்டியதை மடியில் முடிந்துகொண்டு திரும்புவதே வழக்கமாயிருக்கிறது. மடுல்சீமையிலிருந்தோ நமுனுகுலையிலிருந்தோ பதுளைக்குப் பஸ் ஏறி வந்து, அரிசி பருப்புடன் சுருட்டையும் வாங்கிச் செல்பவர் பெரும்பாலும் அதைப் பிடிப்பவர் அல்லர். பிடிப்பவர் கால் ஓய்ந்துபோய் லயத்து வாசலில் அமர்ந்திருக்கும் தாத்தா; வாங்குபவரோ மருமகள். சரக்கு சரியில்லையென்றால் வசை கேட்பவரும் அவரே.

குடும்பப் பகுதியிலே சுருட்டைப் பற்றி எழுதலாமா என்று முகஞ் சுளிக்கும் வாசகியர் சிலர் இருக்கக்கூடும். பழகாதவரைப் பழகச் சொல்வது எமது நோக்கமன்று. ஐம்பது ஆண்டுகளாகப் பிடித்து வரும் ஒருவருக்காக எப்படியும் பணம் செலவாகத்தான் போகிறது. அந்தப் பணம் பூஞ்சணம் பிடித்த இலைக்குப் போகவேண்டியதில்லை என்பதே நாம் சொல்ல வருவது.

முன்னாளில் இந்தத் தெரிவுக்கு அவசியமே இருக்கவில்லை. ஊவாவின் கடைத்தெருக்களில் நாட்டுச் சுருட்டென்றால் அது யாழ்ப்பாணத்துச் சுருட்டுத்தான். மாரி மழை ஓய்ந்தபின் நட்டு, கிணற்று நீரை இறைத்து ஊற்றி வளர்த்த புகையிலையைப் புகைக்குடிலில் அடுக்கி, தேங்காய்ப் பொச்சுமட்டைப் புகையிலே பதமாக்குவார்கள். அதன் கருநிறமும் காரமும் அந்தப் புகையால் வருபவை. கோடா எனப்படும் சாற்றிலே பக்குவப்படுத்திச் சுற்றிய சுருட்டுக்குத் தனி மதிப்பு உண்டு. சுற்றும் தொழிலாளர் கொட்டிலில் வரிசையாக அமர்ந்திருக்க, ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிப்பதும், கை ஓயாமலே ஏனையோர் அரசியலை அலசுவதும் யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களின் பெருமைக்குரிய வழக்கம். பத்திரிகையில் எழுதுகிற எம் போன்றோர் அந்தக் கொட்டில்களுக்குக் கடன்பட்டவர்களே.

வடபகுதிப் புகையிரதப் பாதை 1905 இல் முற்றுப்பெற்றது. 1924 இல் மலைப்பாதை பதுளையை எட்டியது. நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் சரக்கு வருவது அதன்பின் எளிதாயிற்று. தென்னிலங்கை நகரங்கள் எங்கும் யாழ்ப்பாணத்து வணிகர் திறந்த கடைகளைச் சிங்கள மக்களும் சுருட்டுக்கடை என்றே அழைத்தனர். அங்கே வாங்குபவர் எதையும் ஆராய வேண்டியதில்லை. இன்னார் வீட்டுக்குக் காரம் கூடியது, இன்னாருக்குச் சற்று மெலிந்தது என்று முதலாளிக்கே மனப்பாடம். சம்பள நாள் வரை கணக்கில் எழுதிக்கொள்ளும் தாராளமும் அவரிடம் இருந்தது. 1958 இலும் 1977 இலும் நடந்த கலவரங்கள் அக்கடைகளை உலுக்கின. 1983 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பதுளை நகரிலேயே தமிழரின் கடைகள் தீக்கிரையாயின. போனவருட் பலர் திரும்பி வரவில்லை. வாடிக்கையாளரின் வாயறிந்து எடுத்துக் கொடுத்த கையும் அவர்களோடு போயிற்று. ஆகவேதான் இன்று வாங்குபவருடைய கையே அந்த வேலையையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலிற் பார்க்கவேண்டியது மாதத்தை. மற்ற ஊர்களுக்கு இது பொருந்துமோ என்னவோ, ஊவாவுக்கு மிகவும் பொருந்தும். ஆடி, ஆவணியிலே கச்சான் காற்று மலையைத் தாண்டி வறண்டு இறங்குகிறது. அந்த வறட்சியே ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் வாய்ந்த மணத்தைத் தருவது. ஆனால் கடையில் திறந்து கிடக்கும் சுருட்டுக்கு அது எமன். மேலிலை முறுகி, விரல் பட்டாலே வெடிக்கும். ஐப்பசி முதல் தை வரையோ நிலைமை நேர்மாறு. வடகீழ்ப் பருவ மழையும் மூடுபனியும் சேர்ந்து சுருட்டை ஊறவைத்துவிடும். அப்போது பூஞ்சணத்துக்கு அஞ்சவேண்டும். கார்த்திகையில் ஒரு மாதத்துக்குரிய கட்டை ஒரே தடவையில் வாங்கி வைப்பது சிக்கனம் போலத் தோன்றும். பாதி கெட்டுப்போனபின் அது சிக்கனமா என்பது விளங்கும்.

அடுத்து, கையில் எடுத்துப் பார்த்தல். மேலிலை ஒரே துண்டாக, கிழிசலும் துளையும் இன்றி இருக்கவேண்டும். தடித்த நரம்பு புடைத்துத் தெரிந்தால் அவ்விடத்தில் நெருப்பு ஒருபக்கமாக ஓடும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து நுனியிலிருந்து அடிவரை மெல்ல அழுத்திச் செல்லுங்கள். எங்கும் ஒரே இறுக்கம் இருப்பது நல்ல சுற்று. நடுவே கட்டி தட்டுப்பட்டால் உள்ளே காம்பு கிடக்கிறது. அந்தச் சுருட்டு புகையை விடாது. பிடிப்பவர் இழுத்து இழுத்து மார்பு வலித்து, இறுதியில் நெருப்புக்குச்சிப் பெட்டியைக் காலி செய்வார். பள்ளம் தட்டுப்பட்டால் சுற்று தளர்ந்தது. அது விரைவில் எரிந்து நாக்கைச் சுடும். பின்பு காதருகே வைத்து இலேசாக உருட்டுங்கள். சரசரவென்று நொறுங்கும் ஓசை கேட்டால் உலர்ந்துவிட்டது என்று பொருள். ஓசையே இல்லாமல் சதசதவென்றிருந்தால் ஈரம். மேற்பரப்பில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பஞ்சுபோலப் படர்ந்திருந்தால் அதைத் துடைத்துத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னாலும் வாங்கவேண்டாம். முகர்ந்தால் பழந்துணி நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும்.

அமெரிக்காவிலே சோளப்பொத்தியில் செய்த சுங்கான் உண்டாமே, பிபிலைப் பக்கத்துச் சேனைச் சோளத்தில் நாமும் ஒன்று செய்துகொண்டால் என்ன என்று அன்பர் ஒருவர் எம்மைக் கேட்டார். மிசூரி மாநிலத்து வாஷிங்டன் என்னும் சிற்றூரிலே 1869 முதல் அத்தொழில் நடந்து வருகிறது. ஜெனரல் மக்ஆர்தரின் வாயிலிருந்த நீண்ட சுங்கானைப் படங்களில் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். ஆனால் அதற்கென்றே தடித்து மரம்போல் முற்றும் பொத்தியுடைய சோளத்தை வளர்த்து, மணி உதிர்த்தபின் நடுக்கட்டையை ஆண்டுக்கணக்கில் உலரவைத்து, குடைந்து, வெளிப்புறக் குழிகளைச் சாந்து பூசி அடைக்கிறார்கள். அங்கேயும் வாங்குபவர் பார்ப்பது சுவரின் தடிப்பையும், புகைத்துளை கிண்ணத்தின் அடியில் சரியாக வந்து சேர்கிறதா என்பதையுமே. எமது சோளம் மணிக்காக வளர்வது. அதன் நடுக்கட்டை மெல்லியது. நெருப்பு வைத்தால் கிண்ணமே எரிந்து கையைச் சுட்டுவிடும். துரைமாரின் சுங்கானையே சட்டைசெய்யாத எங்கள் தாத்தாமார் சோளப்பொத்திக்கு மயங்குவார்கள் என்றும் நாம் நம்பவில்லை.

நல்ல சுருட்டு என்பது தீங்கற்ற சுருட்டு என்று எவரும் எண்ணிவிடவேண்டாம். புகையை உள்ளே விழுங்குவதில்லை, வாயோடு சரி என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அந்த வாய்க்குத்தான் ஆபத்து. இலங்கை ஆடவரிடையே புற்றுநோய்களுள் முதலிடம் வகிப்பது வாய்ப்புற்றே. ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் தடிப்போ வாயினுள் இரண்டு வாரத்துக்குமேல் நின்றால், வலியில்லையே என்று இராமல் அரசினர் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள், அங்கே கட்டணமில்லை. வெற்றிலையோடு புகையிலைத் துண்டையும் அடக்கிக்கொண்டு கொழுந்து பறிக்கும் அம்மாமாருக்கும் இது பொருந்தும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக்காம்பிராவிலே அடுப்புப் புகைக்கே இடம் போதாது. அதனுள் சுருட்டுப் புகையும் சேர்ந்தால், மூலையில் தூளியில் கிடக்கும் குழந்தையும் தாத்தாவோடு சேர்ந்து சுருட்டுப் பிடிக்கிறது என்றே கொள்ளவேண்டும். மழையோ பனியோ, பெரியவரை வாசற்பக்கம் அமரச் சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. ஒரு கம்பளியும் ஒரு குவளைத் தேநீரும் கொடுத்துச் சொன்னால் கேட்கமாட்டேன் என்று எந்தத் தாத்தா சொல்வார்? பேரனைக் கடைக்கு அனுப்பி ஒரு சுருட்டு வாங்கிவரச் சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிடுவது நல்லது. 21 வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருளை விற்பது 2006 ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறமிருக்க, வாங்கிவரும் வழியில் முகர்ந்து பார்க்காத பையன் எங்கே இருக்கிறான்!

வாங்கியதை வைக்கும் இடமும் முக்கியம். மூடி இறுகப் பொருந்தும் தகரப் பேணியே சிறந்தது. மழைக்காலத்தில் அடுப்புக்குச் சற்று மேலே, சூடு படாமல் வெதுவெதுப்பு மட்டும் படும் தட்டில் வைக்கலாம். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: மாதந்தோறும் தோட்டத்தில் கிடைக்கும் தேயிலைத்தூளுக்குப் பக்கத்தில் அந்தப் பேணியை வைக்கவே கூடாது. தேயிலை எந்த வாசனையையும் உறிஞ்சிக்கொள்ளும். பின்பு வீட்டில் எல்லோரும் சுருட்டு மணக்கும் தேநீரையே குடிக்கவேண்டி வரும்.