சிக்கனக்காரனுக்கு விழும் அடி

எங்கள் மாகறல் பக்கம் தறிக்காரர் முதல் பென்ஷன்காரர் வரை, “ஃபிக்சட்ல போட்டுட்டா நிம்மதி” என்பார்கள். 1974-ஐப் பார்த்த எனக்கு அந்த நிம்மதி வருவதில்லை.

அந்த வருஷம் விலைவாசி 25 சதவீதத்துக்கு மேல் ஏறியது. வறட்சி ஒரு பக்கம், எண்ணெய் விலை மறு பக்கம். வங்கி வட்டியோ அதில் பாதிகூடக் கிடையாது. போதாததற்கு ஜூலையில் கட்டாய டெபாசிட் அவசரச் சட்டம்: சம்பள உயர்வு முழுவதையும், கூடுதல் பஞ்சப்படியில் பாதியையும் பிடித்துக்கொண்டார்கள். பிற்பாடு வட்டியோடு தவணையில் தந்தார்கள், வாஸ்தவம். ஆனால் அரிசி விலை உச்சியில் நின்றபோது அது எங்கள் கையில் இல்லை. கடன் வாங்கிச் சரக்கைப் பதுக்கியவர்களோ இளைத்துப்போன ரூபாயில் கடனை அடைத்தார்கள்.

புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்த சரித்திரத்திலும் இதே சங்கதிதான். 1789-ல் புரட்சி அரசு தொடங்கிய ‘அசிஞா’ நோட்டு 1796-க்குள் குப்பைத்தாள் ஆனது. தேவாலய நிலங்களைத் தவணையில் எடுத்தவர்கள் அந்தத் தாளைக் கொடுத்தே பாக்கியைத் தீர்த்தார்கள்.

பதுக்கியவனைத் திட்டி என்ன பயன்? சேமிக்கச் சொல்லும் அரசுதான் டெபாசிட் வட்டி விலைவாசிக்கு மேலே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். விலைவாசி தின்றது போக மிஞ்சும் வட்டிக்கு மட்டும் வரி போட்டால் நியாயம். இப்போதோ முழு வட்டியும் வருமானக் கணக்கில் சேர்கிறது. பழைய வரி முறையில் நம் வயதுக்காரர்களுக்கு 50,000 ரூபாய் வரை கழிவாவது உண்டு. புதிய முறையில் அதுவும் இல்லை.