கப்பலேறும் முன் ஒரு நாள்



"பிள்ளைகளைக் கப்பலில் ஒருமுறை அழைத்துச் சென்றால் என்ன?" என்னும் பேச்சு அண்மைக் காலமாக நம் வீடுகளிலும் எழத் தொடங்கியிருக்கின்றது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் பயணம் தொடங்கிற்று. 2023 ஜூனில் அங்கே பன்னாட்டுப் பயணிகளுக்கான முனையம் திறக்கப்பட்டு, இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கும் கப்பல் சென்றது. திருத்தணி, நகரி, பள்ளிப்பட்டு வட்டாரங்களில் தறி ஓட்டியும் சிறு கடை நடத்தியும் வாழும் குடும்பங்கள்கூட இதைப் பற்றி விசாரிக்கின்றன.

இத்தகைய கப்பல்களில் மதுக்கூடமும் சூதாட்ட அரங்கும் இருப்பதுண்டு. ஏறுவதா, வேண்டாமா என்பதை மார்க்கம் அறிந்தவரிடம் கேட்டு அவரவரே முடிவு செய்துகொள்ள வேண்டும். கடன் பட்டுக் கப்பலேறுவது நமக்குத் தகாது என்பது மட்டும் என் உறுதியான கருத்து. இந்த மாதம் நான் பேச விரும்புவதோ, பலரும் எண்ணிப் பாராத வேறொன்றைப் பற்றி. அது கப்பலேறுவதற்கு முந்தைய நாள்.

மாதக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்துச் சீட்டு வாங்கிய குடும்பத் தலைவர், இந்த ஒரு நாளுக்கு எந்தத் திட்டமும் வைத்துக்கொள்வதில்லை. விளைவு என்ன? வாடகை வண்டி, விடுதி அறை, நேரம் போகவில்லையென்று பெரிய வணிக வளாகம், அங்கே பிள்ளைகளின் பிடிவாதம் என்று மடிப்பணம் கரைந்து போகின்றது. அல்லது எங்கோ தொலைவுக்குச் சென்று, சாலை நெரிசலில் அகப்பட்டு, துறைமுக வாசலுக்கு மூச்சிறைக்க ஓடி வரும் நிலை உண்டாகின்றது. முன்னது பணத்துக்குக் கேடு. பின்னது பயணத்துக்கே கேடு. செலவில் கஞ்சத்தனமும் வீண்விரயமும் இல்லாத நடுவழியைத் திருமறை நமக்குக் கற்பிக்கின்றது. அந்த நடுவழி இந்த ஒரு நாளிலும் இயலும்.

முன்னோர் காத்திருந்த துறை

நம் சமுதாயத்துக்குக் கப்பல் புதிதன்று. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிச் சென்ற தமிழ் முஸ்லிம்கள் பல்லாயிரவர் இதே சென்னைத் துறையிலும் நாகப்பட்டினத்திலும்தான் கப்பலேறினர். 'ரஜூலா' என்னும் பெயர் நம் பாட்டனார்களின் பேச்சில் அடிக்கடி வரும். அதன் பின் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் தீ விபத்துக்குள்ளாகும் வரை அவ்வழியில் ஓடிற்று. ஹஜ்ஜுக்குச் சென்றவர்கள் பம்பாய் முஸாபிர்கானாக்களில் நாள் கணக்கில் தங்கிக் கப்பலை எதிர்பார்த்திருந்தார்கள்; அக்கடல்வழிப் பயணமும் 1995-ஆம் ஆண்டோடு நின்றது.

சென்னைக்கு வரும் முஸ்லிம் பயணிகள் தெருவில் நிற்கலாகாது என்பதற்காக, மேல்விஷாரத்து வள்ளல் சி. அப்துல் ஹக்கீம் சாஹிப் அவர்கள் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரில் தம் தந்தையார் பெயரால் சித்தீக் சராய் கட்டினார்கள். காத்திருக்கும் நாளும் பயணத்தின் ஒரு பகுதியே என்பதை அறிந்த பெருமகன் அவர்.

ஆனால் அன்று கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் கண்ட சென்னை, மூட்டைகளுக்கு நடுவே கண்ட சென்னைதான். அவர்களுக்கு வாய்க்காத ஒரு நாள் நமக்கு வாய்க்கின்றது. அதை நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ளதாக ஆக்குவது நம் கையில் இருக்கின்றது.

வாசலிலிருந்து பின்னோக்கி எண்ணுக

திட்டமிடும்போது நம்மவர் வீட்டு வாசலிலிருந்து எண்ணத் தொடங்குவர். துறைமுக வாசலிலிருந்து பின்னோக்கி எண்ணுவதே முறை. கப்பல் புறப்படும் நேரம் வேறு, பயணிகளை ஏற்றிக்கொள்வது முடிவடையும் நேரம் வேறு. இரண்டாவதுதான் நமக்குக் கெடு. அந்த நேரத்துக்கு இரண்டு மணி முன்பாகவே வாசலில் நிற்பதெனக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வாயில் வழியாக உள்ளே விடுவார்கள் என்பதையும் சீட்டு வாங்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்கு வாயில்கள் பல. உள்நாட்டுப் பயணமாயின் அடையாள அட்டை, இலங்கைக்காயின் கடவுச்சீட்டும் அந்நாட்டு அனுமதியும் ஒரே பையில், ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும்.

அடுத்த விதி: தொலைவான இடங்கள் முதல் நாள், துறைமுகத்தைச் சுற்றியவை ஏறும் நாள். இதை மாற்றிச் செய்தவர்கள்தாம் ஓடி வருகிறார்கள். மாமல்லபுரமும் பழவேற்காடும் காண வேண்டிய ஊர்களே. எனினும் இரண்டும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் உள்ளவை. கப்பலேறும் நாளில் அப்பக்கம் தலைவைக்கவே வேண்டாம்.

முதல் நாள்

திருத்தணியிலிருந்து அரக்கோணம், திருவள்ளூர் வழியாகச் செல்லும் புறநகர் மின்ரயிலே நமக்கு மலிவான வாகனம். 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கட்டணம் இல்லை; 12 வயது நிரம்பாத பிள்ளைக்கு அரைக் கட்டணம். ஆடிக் கிருத்திகையை ஒட்டிய நாள்களிலும், மலைக்கோயில் படித்திருவிழா நடைபெறும் டிசம்பர் 31 அன்றும் நம் ஊர் ரயில்களில் நிற்கவும் இடம் கிடைப்பதரிது. அத்தகைய நாள்களில் பயணம் அமையுமானால் ஒருநாள் முன்னதாகவே புறப்படுவது நலம்.

சென்னையில் இறங்கியவுடன் பெட்டிகளை ஒப்படைத்துவிட வேண்டும். சென்ட்ரல் நிலையத்துப் பொருள் பாதுகாப்பு அறையில், பூட்டிய பெட்டியைப் பயணச்சீட்டைக் காட்டி வைக்கலாம். மூட்டையைச் சுமந்துகொண்டு ஊர் பார்க்கச் செல்பவர் மூட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

காலையில் எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851-இல் தொடங்கப்பெற்ற அங்கே அமராவதிச் சிற்பங்களும் புகழ்பெற்ற செப்புத் திருமேனிகளும் உள்ளன. நிழலும் கழிவறையும் உண்டாதலால் முதியோருக்கும் பெண்களுக்கும் ஏற்ற இடம். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறவாதீர்கள்.

ளுஹருக்குத் திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல். ஆற்காட்டு நவாபுகளின் குடும்பத்தார் 1795-இல் கருங்கல்லால் எழுப்பிய பள்ளி இது. கட்டிய ஆண்டை எழுத்துக் கணக்கில் அடக்கிக் கூறும் பாரசீக வாசகம் ஒன்று உள்ளே பொறிக்கப்பட்டிருக்கின்றது. அதை இயற்றியவர் ராஜா மக்கன்லால் என்னும் இந்துப் புலவர். நபிவழித் தொழுகை நடக்கும் இடத்தில் ஓர் இந்துவின் எழுத்து 200 ஆண்டுகளுக்கு மேலாக மதிப்போடு விளங்குகின்றது. முருகன் மலையின் அடிவாரத்தில் அக்கம்பக்கத்தாரோடு கலந்து வாழும் நம் பிள்ளைகள் இதனைக் கண்ணால் காண வேண்டும். காயிதே மில்லத் இஸ்மாயில் சாஹிப் அவர்களின் அடக்கத்தலமும் இவ்வளாகத்திலேயே உள்ளது. பெண்களுக்குத் தொழும் இட வசதி எப்படி என்பதை எந்தப் பள்ளியிலும் முன்கூட்டி விசாரித்துக்கொள்வது நல்லது. பயணத் தொழுகைக்குரிய தூரக் கணக்கில் மத்ஹபுகளுக்கிடையே சிறு வேறுபாடு இருப்பதால், கஸ்ர் பற்றி உங்கள் மஹல்லா இமாமிடம் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

அங்கிருந்து நடந்தால் சேப்பாக்கம் அரண்மனை. 1768-இல் நவாப் முஹம்மது அலி வாலாஜாவுக்காகக் கட்டப்பட்டது. இப்போது அலுவலகங்கள் இருப்பதால் வெளியிலிருந்து பார்ப்பதே போதும். பின்னர் கடற்கரைச் சாலையில் பேருந்தேறினால் கலங்கரை விளக்கம். திங்கட்கிழமை மூடியிருக்கும், மற்ற நாள்களிலும் மாலையில் வாயில் நேரத்தோடு அடைக்கப்படும் என்பதால் முன்கூட்டியே சென்றுவிட வேண்டும். மேலேறினால், மறுநாள் நாம் போகவிருக்கும் கடலையும் வடக்கே துறைமுகத்தையும் ஒருசேரக் காணலாம். திரும்புகையில் பறக்கும் ரயில் நேரே கடற்கரை நிலையத்தில் கொண்டுவந்து சேர்க்கும். உறவினர் வீடு இல்லாதவர் மண்ணடிப் பக்கம் தங்கினால் மறுநாள் வண்டிச் செலவே இல்லை.

ஏறும் நாள்

ஏறும் நாள் காலையில் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு வையுங்கள். சென்னையில் கப்பல்களுக்கு வழிகாட்டிய விளக்குகள் இதுவரை நான்கு. நான்காவதை நேற்றே கண்டாயிற்று. மற்ற மூன்றையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மூன்றும் துறைமுகத்துக்கு அருகிலேயே உள்ளன.

முதல் விளக்கு 1796-இல் ஜார்ஜ் கோட்டையில், இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் உச்சியில் ஏற்றப்பட்டது. இரண்டாவது, 1844-இல் எழுந்த கல்தூண்; உயர்நீதிமன்ற வளாகத்துள் நிற்கின்றது. மூன்றாவது, 1894-இல் அதே நீதிமன்றக் கட்டடத்தின் உயர்ந்த கோபுரத்தில் வைக்கப்பட்டது. 1977 வரை அங்கிருந்துதான் ஒளி வீசிற்று. நீதிமன்ற வளாகத்தினுள் கட்டுப்பாடு உண்டு. சாலையில் நின்று கோபுரத்தைக் காட்டினால் போதும். 1914 செப்டம்பர் 22 இரவு 'எம்டன்' என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் இந்நகரைக் குண்டு வீசித் தாக்கியதை நினைவூட்டும் கல்லும் நீதிமன்றச் சுவரில் பதிக்கப்பட்டுள்ளது. துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்பு பயணிகள் மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து சென்றுதான் கப்பலைப் பிடித்தார்கள் என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். கடலைப் பார்த்துக்கொண்டே கேட்ட செய்தி பிள்ளைகளுக்கு மறவாது.

கோட்டை அருங்காட்சியகமும் வெள்ளியன்று மூடியிருக்கும். அன்று கப்பலேறுபவர்கள் மண்ணடி மஸ்ஜிதே மஃமூரில் ஜும்ஆ தொழ எண்ணினால், கப்பல்காரர் சொன்ன கெடுவோடு முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள். அருகிலேயே பர்மா பஜார். பர்மாவில் உடைமைகளை இழந்து கப்பலேறி இதே துறையில் வந்திறங்கியவர்களின் பிழைப்புக்காக ஏற்பட்ட கடைவீதி அது. மகிழ்ச்சிக்காகக் கப்பலேறப் போகும் பிள்ளைகள், கண்ணீரோடு கப்பலிறங்கியவர்களின் கதையையும் கேட்டுவிட்டு ஏறட்டும்.

செலவுக் கணக்கு

ரயில், பேருந்து, நடை இம்மூன்றோடு மேற்கண்டவை எல்லாம் முடிந்துவிடும். சாதாரணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்ல 2021 மே மாதத்தில் அரசு வழி செய்தது. பள்ளிவாசலுக்கும் கடற்கரைக்கும் கட்டணம் இல்லை. அருங்காட்சியகங்களின் நுழைவுக் கட்டணம் சிறு தொகையே. பணத்தை விழுங்குவது உணவும் குடிநீரும். காலை உணவும் தண்ணீரும் வீட்டிலிருந்து வரட்டும். மதியம் மட்டும் ஹலாலான நல்ல உணவகத்தில் வயிறாரச் சாப்பிடுங்கள். மொத்தத் தொகையை ஓர் உறையில் போட்டு மனைவியின் கையில் கொடுத்துவிடுங்கள். உறை காலியானால் செலவும் நிற்கட்டும்.

சென்னைக் கப்பலின் கட்டணம் எட்டாதவர்களுக்கு மற்றொரு வழியும் திறந்தது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடிற்று. கடலும் காற்றும் இசையாவிடில் நிறுத்தப்படும் பயணம் அது. ஆகவே நாளை உறுதி செய்துகொண்ட பின்பே வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டும். அங்கும் விதி ஒன்றே: தரங்கம்பாடி முதல் நாள், அருகிலுள்ள நாகூர் ஏறும் நாள்.

இவ்வளவும் படித்த பின், "எங்களுக்குக் கப்பல் சீட்டு வாங்கும் வசதியே இல்லையே" என்று எண்ணும் வாசகர்களும் இருப்பீர்கள். உங்களுக்கும் சேர்த்தே எழுதினேன். மேலே சொன்ன அருங்காட்சியகமும் பள்ளிவாசலும் கோட்டையும் கப்பல் சீட்டைக் கேட்பதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை ரயிலில் பிள்ளைகளோடு புறப்படுங்கள். இரவு இஷாவுக்கு வீடு திரும்பிவிடலாம், இன்ஷா அல்லாஹ்.