மேடையில் நிற்பவன் மனிதனா?

தோழனே!

ஒரு தேர்தல் கூட்டம். மாடி முகப்பிலே வேட்பாளர் நிற்கிறார். கீழே மக்கள் வெள்ளம். வாழ்த்த வந்த வெள்ளமன்று, வசைபாட வந்தது. நகரத் தந்தை பதவிக்கு நிற்கும் அவர் பெயர் ஸ்டீபன் பையர்லி. எதிராளி அவர்மீது சுமத்திய குற்றம் என்ன? கையூட்டு வாங்கினார் என்பதா? கணக்கிலே புரட்டு என்பதா? அல்ல, அல்ல! "இவன் மனிதனே அல்லன், மனித உடலுக்குள் மறைத்து வைக்கப்பட்ட இயந்திர மூளை" என்பது! அவர் உண்டதைக் கண்டவர் இல்லையாம். உறங்கியதைக் கண்டவர் இல்லையாம். மேடையேறிப் பழகிய நமக்குத் தெரியாதா, இந்த 'யாம்'களின் வலிமை!

கூட்டத்திலிருந்து ஒருவன் கூச்சலிடுகிறான், மேலே அழைக்கிறார்கள். வந்தவன், "என்னை அடி, பார்க்கலாம்!" என்று அறைகூவுகிறான். அந்தக் கதையுலகில் இயந்திரம் மனிதனுக்குத் தீங்கிழைக்க முடியாது. அதன் மூளையிலே பொறித்திருக்கும் முதல் விதி அது. ஆகவே, அடித்தால் மனிதன், அடிக்காவிட்டால் இயந்திரம். பையர்லி அடித்தார், அறைகூவியவன் விழுந்தான். ஐயம் தீர்ந்தது, தேர்தலிலும் வெற்றி!

வெற்றிக்குப் பிறகு சூசன் கால்வின் என்ற அறிஞர் அமைதியாக ஒன்று கேட்கிறார்: அடிபட்டவனும் இயந்திரமாக இருந்திருந்தால்? அதற்கு விடை கூறாமலே கதையை முடித்துவிட்டார் ஐசக் அசிமோவ். 1946-இல் வெளிவந்த 'எவிடென்ஸ்' என்ற சிறுகதை இது.

கவனித்தாயா தோழனே, மனிதன் என்பதற்கு அங்கே சான்றாக நின்றது எது? இன்னொருவனை அடித்து வீழ்த்தும் திறன்! பையர்லி அரசு வழக்கறிஞர். ஆயினும் மரண தண்டனைக்கு எதிரானவர். அந்த நற்பண்பு அவருக்குத் துணை நிற்கவில்லை. ஐயம் என்ற நெருப்புக்கு அதுவே எண்ணெய் ஆயிற்று. 'இத்தனை நல்லவன் எப்படி மனிதனாக இருப்பான்?' என்றார்கள். ஊடுகதிர் கொண்டு அவர் உடலைத் துருவிப் பார்க்கவும் முனைந்தார்கள். "என் ஒப்புதலின்றி என் உடலுக்குள் பார்க்க எவருக்கும் உரிமை இல்லை" என்று மறுத்தார் அவர். பையர்லி இயந்திரமேயானாலும், அந்த மறுப்பு மனிதனின் மறுப்பு!

இது ஒருவர் வீட்டுச் சொத்தாக நின்றுவிடவில்லை. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொட்டு, பல தலைமுறை எழுத்தாளர் கூடி வளர்த்த பொதுக் கற்பனை. 1968-இல் பிலிப் கே. டிக் எழுதிய நாவலில், மனித உருவில் ஒளிந்திருக்கும் செயற்கை மாந்தரைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு: பிற உயிரின் துன்பம் கேட்டு நெஞ்சு துடிக்கிறதா என்று பார்ப்பார்கள். துடிக்காவிட்டால் சுட்டுக் கொல்லலாம். ஆனால் மனநோயுற்ற மனிதன் ஒருவனும் அந்தச் சோதனையில் தவறக் கூடுமே என்ற அச்சம் அந்த நாவலுக்குள்ளேயே பேசப்படுகிறது! 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்ற தொலைக்காட்சித் தொடரில், 1978-இல் உலோக உருவங்களாக வந்த பகைவர்கள், 2003-இல் அதே கதையை மறுபடி எடுத்தபோது மனித உருப் பெற்றார்கள். பன்னிரண்டு வார்ப்புகள். அவர்களுள் சிலருக்குத் தாம் யார் என்பது தமக்கே தெரியாது. நாடகக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தக் கடைசி வளைவு எனக்கு வரவில்லையே என்று பொறாமைப்பட்டேன்.

பொறாமை ஒருபுறம் இருக்கட்டும். இந்தக் கதைகளிலெல்லாம் 'நான் மனிதன்தான்' என்று மெய்ப்பிக்க வேண்டியவன் யார்? சோதிக்கும் அதிகாரியா? ஒருநாளும் இல்லை! வேட்டையாடப்படுபவன்தான்.

கல்லூரியைப் பாதியிலே விட்டு வந்தவன் நான்; பெரிய நூல்களின் துணையோடு இதைச் சொல்லவில்லை. என் தாயின் விரல்களைக் கொண்டு சொல்கிறேன். நாற்பது ஆண்டுகள் செங்கல் சுமந்த விரல்கள். ஓர் அலுவலகத்தில், கைரேகை பார்க்கும் கருவியின்மேல் அவற்றை வைத்தார். கருவி ஏற்கவில்லை. துடைத்து வைத்தார், ஏற்கவில்லை. கட்டைவிரல், சுட்டுவிரல், மறுகை... இல்லை! "ரேகை தேய்ந்துவிட்டது, பாட்டி, நீங்கள் நீங்கள்தான் என்பதற்கு வேறு ஏதேனும் கொண்டு வாருங்கள்" என்றார் அந்த இளைஞர். அவர்மேல் குற்றமில்லை; கருவி சொன்னதை அவர் சொன்னார். வீடு திரும்பும் வழியில் என் தாய் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஆகவேதான் 'உள்ளே இருப்பது மனிதனா, இயந்திரமா?' என்ற கேள்வியோடு நின்றுவிட எனக்கு மனமில்லை. உள்ளே எதுவாயினும் இருக்கட்டும். அது யாருக்காக உழைக்கிறது? யார் ஏவியபடி பேசுகிறது? இந்தக் கேள்வியைத்தான் இக்கதைகளின் தாய்வீடு கேட்டது.

அந்தத் தாய்வீடு பிராகா நகரம். 1921 ஜனவரி 25 அன்று அங்குள்ள தேசிய நாடக அரங்கில் திரை உயர்ந்தது. நாடகம், காரல் சாப்பெக் எழுதிய 'ஆர்.யு.ஆர்.' உலகம் இன்று வழங்கும் 'ரோபோ' என்ற சொல்லுக்கு மூலமான 'ரோபோட்' பிறந்தது அந்த நாடகத்தில்தான். எடுத்துக் கொடுத்தவர் சாப்பெக்கின் அண்ணன் ஜோசப். செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் பண்ணை அடிமை தன் ஆண்டைக்குக் கூலியின்றிச் செய்த கட்டாய உழைப்பு! நம் ஊர்ச் சொல்லில் வெட்டி வேலை. தகரமும் திருகாணியும் கொண்ட பொம்மைகள் அல்ல அவை. தசையும் தோலுமாக, மனிதர் போலவே, ஒரு தீவின் தொழிற்சாலையில் வார்க்கப்பட்டவை.

அந்தத் தொழிற்சாலைக்கு ஹெலினா என்ற இளம்பெண் வருகிறாள். செயலாளராக அமர்ந்திருக்கும் சுல்லாவைக் கண்டு கை குலுக்குகிறாள். "இவள் இயந்திரம்" என்கிறார் நிர்வாகத் தலைவர். நம்ப மறுக்கிறாள் ஹெலினா. "ஐயம் இருந்தால் அறுத்துக் காட்டச் சொல்லட்டுமா?" என்கிறார் தலைவர். என்ன தெளிவு! என்ன கொடுமை! பிறகு நிர்வாகிகள் உள்ளே வருகிறார்கள். அவர்களையே ரோபோக்கள் என்று எண்ணிக்கொண்டு, விடுதலை பெறுங்கள் என்று பேசத் தொடங்குகிறாள். உழைக்கும் பெண் மனுஷியாகத் தெரிந்தாள். இலாபக் கணக்குப் பார்க்கும் கனவான்கள் இயந்திரங்களாகத் தெரிந்தார்கள். அரங்கம் சிரித்திருக்கும். நானாக இருந்தால் அந்த இடத்தில் சிரிப்பு அடங்கும்வரை அடுத்த வசனத்தைப் பேச விடமாட்டேன்.

கதையிலே மட்டுந்தானா இந்த ஏவல்? 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வாக்காளர் வீடுகளில் தொலைபேசி ஒலித்தது. பேசியது அன்றைய அதிபர் பைடனின் குரல்! வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் வாக்களிக்க வராதீர்கள், நவம்பருக்காக வாக்கைச் சேமித்து வையுங்கள் என்றது. அது அவர் பேசியதன்று. இயந்திரம் வார்த்த குரல். ஊரெல்லாம் அந்தக் குரலின் வியப்பைப் பேசிற்று. குரலுக்குப் பின்னால் இருந்தவரோ கூலி கொடுத்து அதைச் செய்வித்த ஓர் அரசியல் ஆலோசகர். அந்நாட்டின் தகவல் தொடர்பு ஆணையம் அவருக்கு 60 லட்சம் டாலர் தண்டம் விதித்தது. இயந்திரத்துக்கா வாக்கைக் கெடுக்கும் ஆசை?

சாப்பெக்கின் நாடகத்தில் ரோபோக்கள் இறுதியில் கிளர்ந்தெழுகின்றன, தொழிற்சாலையை வளைக்கின்றன, மனித இனத்தை அழிக்கின்றன. எஞ்சுபவர் ஒரே ஒருவர். கட்டடப் பணித் தலைவர் அல்குவிஸ்ட். நிர்வாகிகளில் ஒருவராக இருந்தும், சாரத்திலேறித் தம் கையால் செங்கல் அடுக்கியவர் அவர். அவரை விட்டுவிடச் சொல்லும் ரோபோக்கள் கூறும் காரணமும் அதுதான்: இவன் நம்மைப் போல் கையால் வேலை செய்பவன்.

என் தாய்க்கு இந்தக் கதையைச் சொன்னேன். "அவனுக்கு ரேகை இருந்ததா?" என்று கேட்டார்.