விறைச்சுப் போற கை (லண்டன் குளிரும் நானும் - 9)

போன பதிவுல டூட்டிங் இட்லியைப் பத்தி எழுதி வயித்தெரிச்சலைக் கிளப்பிட்டேன்னு சொன்னீங்க. இன்னிக்குக் கொஞ்சம் சீரியஸ் மேட்டர் மக்களே. மோட்டார் சைக்கிளும் மணிக்கட்டும்.

எங்க மாடியில இருக்கிற யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருத்தர் ஸ்கூட்டர்ல சாப்பாடு டெலிவரி பண்றார். தினம் பத்து மணி நேரம். "தம்பி, இரவிலை கை விறைச்சுப்போய் எழும்பிறன், உதறினாத்தான் சரி வருது"ன்னு ரெண்டு மாசமா சொல்லிட்டிருந்தார். (நாம மரத்துப்போச்சுங்கறதைத்தான் அவங்க விறைச்சுப்போச்சுங்கறாங்க.) போன வாரம் சட்டை பட்டனே போட முடியலை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூணும் மந்தம். சுண்டு விரல் மட்டும் ஜம்முனு இருக்கு.

அந்தச் சுண்டு விரல்தான் துப்பு. மணிக்கட்டுல எலும்புக்கும் ஒரு தடிச்ச நார்ப் பட்டைக்கும் நடுவுல சின்னதா ஒரு சுரங்கம். விரலை மடக்குற ஒன்பது தசைநாண்களும் ஒரே ஒரு நரம்பும் அது வழியாத்தான் போகுது, காலை எட்டு மணி நார்தர்ன் லைன் மாதிரி. உள்ளே வீங்கினா நசுங்கறது நரம்பு. அது சுண்டு விரலுக்குப் போறதில்லை. பேரு கார்ப்பல் டன்னல்.

ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடிச்சா வலது மணிக்கட்டு பின்னாடி மடங்கியே நிக்கும். கூட அதிர்வு. அதுக்கு மேல குளிர்... தடிமனான கிளவுஸ் போட்டா இன்னும் இறுக்கிப் பிடிக்கணும். லண்டன்ல பல தெருவுல இருபது மைல்தான், வேகத்தடை வேற. கியர் வண்டின்னா இடது கைக்குக் கிளட்ச். எங்க சித்தப்பா பழைய புல்லட்லேருந்து இறங்கி ரெண்டு கையையும் உதறுவார், நாங்க அதை ஸ்டைல்னு சொல்லிக்குவோம். அதிர்வைக் குறைக்கிற பேலன்சர் இல்லாத ஒத்தை சிலிண்டர்! கிளாசிக் 350க்கு அது வந்ததே 2021லதான்.

ஜப்பான்ல மோட்டார் சைக்கிள்ல போற தபால்காரங்களுக்கு விரல் வெளுத்துப்போறதை எப்பவோ ஆராய்ச்சி பண்ணி எழுதிட்டாங்க. பிரிட்டன்லயும் வேலையிடத்து அதிர்வுக்கு 2005லேயே சட்டம் இருக்கு. கார்ப்பல் டன்னலைத் தொழில்சார் நோய்ப் பட்டியல்லயும் சேர்த்திருக்காங்க. ஆனா அதிர்கிற கைக்கருவி, இல்லைன்னா மணிக்கட்டைத் திரும்பத் திரும்ப மடக்குற வேலை, இப்படித்தான் கணக்கு. அதுக்கு மேல, சுயதொழில் பண்றவங்களுக்கு அந்த உதவித்தொகையே கிடையாது. அண்ணன் காகிதத்துல சுயதொழில்காரர்!

டெலிவரூ ரைடர்களுக்கும் கம்பெனிக்கும் வேலை உறவு இல்லைன்னு 2023 நவம்பர்ல இங்கத்த உச்ச நீதிமன்றம் சொன்னது ஞாபகம் இருக்கா? முக்கியக் காரணம், ரைடர் தனக்குப் பதிலா வேற ஆளை அனுப்பலாமாம். ஆளை அனுப்பலாம் சரி, மணிக்கட்டை?

டாக்டர்கிட்ட நானும் கூடப் போனேன். ராத்திரி மணிக்கட்டு மடங்காம பட்டை கட்டிக்கணும், சில வாரம். கேக்கலைன்னா ஸ்டீராய்டு ஊசி, அதுக்கும் மேலன்னா சின்ன ஆபரேஷன். விட்டுட்டா கட்டை விரல் அடிச்சதை வத்திப் பலமே போயிடும். "கொஞ்ச நாள் வண்டி ஓட்டாதீங்க" வேற. அண்ணன் வெளியே வந்து, "வாடகை ஆர் கட்டுறது?" அப்படின்னார். என்கிட்ட பதில் இல்லை.

ஆக்சிலேட்டர்ல மாட்டுற பிளாஸ்டிக் தகடு ஒண்ணு விக்குது, உள்ளங்கையாலேயே அழுத்தலாம், இறுக்கிப் பிடிக்க வேண்டாம். வாங்கி மாட்டியிருக்கோம். (பிரேக் போடும்போது கை அதுல படாமப் பாத்துக்கணும்.) கியர் வண்டிக்காரங்க லீவரைக் கொஞ்சம் கீழே திருப்பிப் பாருங்க, முன்னங்கையும் விரலும் ஒரே நேர்கோட்டுல வரணும்.

பட்டை கட்டி நாலு ராத்திரி ஆச்சு, நேத்து ஒரு தடவைதான் எழுந்தாராம். நரம்புப் பரிசோதனைக்கு இன்னும் தேதி வரலை. இதை எழுதும்போது மணி ஆறு, மழை, அவர் வண்டி ஸ்டார்ட் ஆகற சத்தம் கேக்குது.

உங்க ஊர்ல இந்த வேலை பாக்கறவங்க யாராவது ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்களா? எத்தனை நாள்ல திரும்ப வண்டி எடுத்தாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க, அண்ணன் கேக்கச் சொன்னார்.