வர்ணத்தை நம்பிப் பெயரிடலாமா?

அமெரிக்க வெப்பமண்டல மழைக்காடுகளுக்குச் சென்று வருகிறவர்கள், ரீங்காரச்சிட்டு ஒன்றைக் கண்டதும் படம் பிடித்து, அடுத்த நிமிஷமே அதற்கு இன்ன இனம் என்று பெயரும் சூட்டிவிடுகிற வழக்கம் இன்று பெருகியிருக்கிறது. அந்த நிர்ணயம் பெரும்பாலும் இறகின் வர்ணத்தையே சாட்சியாகக் கொண்டு செய்யப்படுவதால், அச்சாட்சியின் யோக்கியதையை விசாரித்தே ஆகவேண்டும்.

கண்ணைப் பறிக்கும் அந்த நீலமும் பச்சையும் சாயமல்ல; இறகின் நுண்ணிழைகளில் அடுக்கடுக்காய் அமைந்த, காற்றுக் குமிழிகள் பொதிந்த மெலனின் தகடுகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றுகிற ஜாலம். ஆகவே ஒரு கோணத்தில் மாணிக்கமாய் ஜொலித்த கழுத்து, பறவை தலையைச் சற்றே திருப்பியதும் வெறுங்கருமையாகிவிடுகிறது.

வெளிச்சம் சரியாக வாய்த்தாலும் சங்கடம் தீர்வதில்லை. மெக்ஸிகோ முதல் பொலிவியா வரை வாழும் வெண்பிடரி ஜாகோபினுக்கு நீலத் தலையும், பிடரியில் வெண்பிறையும், வெள்ளை வாலும் ஆணின் லட்சணங்கள் என்றும், பச்சை முதுகும் செதில் போன்ற கழுத்தும் பெண்ணின் லட்சணங்கள் என்றும் நெடுங்காலம் கருதப்பட்டு வந்தன. பனாமாவில் இப்பறவைகளைப் பிடித்துப் பரிசோதித்து 2021-இல் வெளியான ஆய்வோ, வளர்ந்த பெண்களில் ஏறக்குறைய 20 சதவீதம் ஆணின் கோலத்திலேயே இருப்பதைக் காட்டியது. இளம் பறவைகள் யாவும் அக்கோலத்தில்தான் தொடங்குகின்றன. பிறகு பெண்களில் பெரும்பாலானவை அதைக் களைந்துவிட, சில மட்டும் வைத்துக்கொள்கின்றன. காரணமும் அற்பமானதன்று: சாதாரணப் பெண் கோலத்துப் பறவையை மற்றச் சிட்டுகள் ஓயாமல் துரத்துகின்றன; ஆண் கோலம் பூண்டதோ உபத்திரவம் குறைந்து, அதிக நேரம் தேனருந்துகிறது.

அலகும் நடத்தையும் இவ்விதம் ஏமாற்றுவதில்லை என்பது என் அபிப்பிராயம். அரிவாள் அலகுச் சிட்டு, மற்றவற்றைப் போல அந்தரத்தில் நில்லாமல், ஹெலிகோனியாப் பூங்கொத்தைக் காலால் பற்றிக்கொண்டு வளைந்த அலகை உள்ளே செலுத்துகிற காட்சியைப் பார்த்தவர், நிழலில் வர்ணம் தெரியாவிட்டாலும் அதன் இனத்தைப் பற்றிச் சந்தேகப்பட மாட்டார்.

ஆகையால் பறவை வழிகாட்டி நூல்களை அச்சிடுவோர் ஜாகோபினின் நீலத் தலைப் படத்துக்கடியில் 'ஆண்' என்று மட்டும் எழுதுவதை நிறுத்தி, சில பெண்களும் இளம் பறவைகளும் இப்படியே இருக்கும் என்று சேர்த்தெழுத வேண்டும். படம் பிடிப்போரும் இடம், கடல்மட்டத்திலிருந்து உயரம், அலகின் வளைவு, நாடிய மலர் ஆகியவற்றைக் குறித்துவைத்து, அவை போதாதபோது பெயரிடாமலே விட்டுவிட வேண்டும்.